பசி யாருடையது?

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பெண்மணி, குடலைப் பற்றிக்கொண்ட ஒரு பொல்லாத கிருமியினால் ஓயாத வயிற்றுப்போக்குக்கு ஆளாகி, அடுத்தடுத்துக் கொடுக்கப்பட்ட மருந்துகளுக்கெல்லாம் அது சில நாள் ஒடுங்கியிருந்து மறுபடியும் தலைதூக்குவதைக் கண்டு சலித்துப்போன நிலையில், தம் மகளுடைய மலத்தைக் கரைத்து வடிகட்டிய நீரைத் தம் குடலுக்குள் செலுத்திக்கொள்ளச் சம்மதித்தார். சிகிச்சை பலித்தது, கிருமி திரும்பவில்லை. ஆனால் அதற்கு முன் ஏறக்குறைய 62 கிலோவாக இருந்த அவருடைய எடை 16 மாதங்களில் 77 கிலோவாக உயர்ந்துவிட்டது. வைத்தியர் மேற்பார்வையில் பத்திய ஆகாரமும் தேகப்பயிற்சியும் மேற்கொண்டும் இறங்க மறுத்தது. ஸ்தூல சரீரம் என்ற தொல்லையை அதுவரை அறியாதிருந்தவர் அவர். மகளோ, மலத்தைக் கொடுத்த காலத்திலேயே சற்றுப் பூசினாற்போன்ற உடல்வாகு கொண்டவள்; பின்னர் அவளும் பருத்தாள். 2015-ஆம் ஆண்டு ஒரு வைத்திய சஞ்சிகையில் இச்செய்தி வெளியாயிற்று.

ஒரே ஒருவருடைய அனுபவத்தைக் கொண்டு ஒரு நியதியை நிறுவிவிட முடியாது. நெடுநாள் நோயிலிருந்து மீண்டவருக்குப் பசி மிகுவது இயல்பே. வேறொரு வயிற்றுக் கிருமிக்கும் அதே காலத்தில் அவர் மருந்து உட்கொண்டிருந்தார். தாய்க்கும் மகளுக்கும் பிறப்பினாலேயே பொதுவான கூறுகள் பல உண்டு. ஆகவே மகளின் நுண்ணுயிர்கள்தாம் தாயைப் பருக்கச் செய்தன என்று சாதிப்பதற்கு இடமில்லை. ஆயினும் அந்தச் செய்தி எழுப்புகிற வினாவை வைத்திய சாஸ்திரம் தனியே நின்று தீர்த்துவிட இயலாது. ஒருவருடைய பசியும், உண்டது கொழுப்பாகச் சேர்கிற அளவும், இன்னொருவருடைய குடலிலிருந்து வந்து குடியேறிய கோடானுகோடி உயிர்களின் சுபாவத்தை ஒட்டி மாறக்கூடும் என்பது ஓரளவுக்கேனும் மெய்யாயின், நான் உண்டேன், நான் பருத்தேன் என்று சொல்லுகிறவன் யாரைக் குறித்துச் சொல்லுகிறான்? மிதமிஞ்சிய உணவைக் குற்றமென்றும் அளவான உணவைத் தவமென்றும் நெடுங்காலமாகச் சமயங்கள் போதித்து வந்திருக்கின்றனவே, அந்தக் குற்றத்துக்கும் தவத்துக்கும் கர்த்தா எவர்?

சிகிச்சை முறை நம் காதுக்கு அருவருப்பாக ஒலித்தாலும் புதியதன்று. நான்காம் நூற்றாண்டில் சீன தேசத்தில் வாழ்ந்த கோ ஹொங் என்ற வைத்தியர், கடும் பேதியினால் சாகக் கிடந்தவர்களுக்கு மலக் கரைசலைப் புகட்டுகிற முறையை எழுதி வைத்திருக்கிறார். நவீன வைத்தியத்தில் 1958-இல் டென்வர் நகரத்து அறுவை வைத்தியரான பென் ஐஸ்மன் நான்கு நோயாளிகளுக்கு இதைச் செய்து வெற்றி கண்டார். 2013-இல் ஆம்ஸ்டர்டாம் நகர வைத்தியர்கள் வெளியிட்ட சோதனையில், இச்சிகிச்சை பெற்ற 16 பேரில் 13 பேர் முதல் தடவையிலேயே குணமடைந்தார்கள். மருந்து மட்டும் உண்ட 13 பேரிலோ நால்வரே குணமடைந்தார்கள். இவ்வளவு பெரிய வேற்றுமையைக் கண்ட பின்னும் மற்றவர்களுக்கு அதைக் கொடாதிருப்பது தர்மமன்று என்று சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். இன்று அமெரிக்க அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்று, விழுங்குகிற கேப்ஸ்யூலாகவே அது கிடைக்கிறது. இவையெல்லாம் குடற்கிருமி நோயைப் பற்றியவை. அதில் தகராறு ஒன்றுமில்லை. தகராறு தொடங்குவது, பேதியை நிறுத்திய அதே சிகிச்சை உடற்பருமனையும் சர்க்கரை வியாதியின் முன்நிலையையும் மாற்றுமா என்று கேட்கத் தொடங்கிய இடத்திலேதான்.

அக்கேள்வி எலிக் கூண்டிலிருந்து பிறந்தது. செயிண்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டன் என்பவரும் அவருடைய சக ஆராய்ச்சியாளர்களும், பிறந்தது முதல் ஒரு நுண்ணுயிரும் தீண்டாதபடி வளர்த்த சுண்டெலிகளைக் கொண்டு வரிசையாகப் பல பரிசோதனைகள் செய்தார்கள். அந்தச் சுத்தமான எலிகள் மற்ற எலிகளைக் காட்டிலும் அதிகமாகத் தின்றும் மெலிந்தே இருந்தன. சாதாரண எலியின் குடலிலிருந்து எடுத்த நுண்ணுயிர்களை அவற்றுக்குள் புகுத்தியதும், முன்னைவிடக் குறைவாகத் தின்றபோதிலும், 14 நாட்களில் அவற்றின் உடற்கொழுப்பு நூற்றுக்கு 60 பங்கு கூடிவிட்டதென்று 2004-இல் வெளியிட்டார்கள். பருத்த எலியின் நுண்ணுயிரைப் பெற்ற எலி, மெலிந்த எலியின் நுண்ணுயிரைப் பெற்ற எலியைவிட அதிகக் கொழுப்புச் சேர்த்ததென்று 2006-இல் காட்டினார்கள். 2013-இல் வந்ததோ இவை எல்லாவற்றிலும் விந்தையானது. ஒருத்தி பருத்தும் ஒருத்தி மெலிந்தும் இருக்கிற மனித இரட்டைச் சகோதரிகளின் மலத்தை எடுத்துத் தனித்தனி எலிகளுக்குள் செலுத்தினார்கள். பருத்தவளுடைய நுண்ணுயிரைப் பெற்றவை பருத்தன, மெலிந்தவளுடையதைப் பெற்றவை மெலிந்தே நின்றன. பிறகு இரு வகை எலிகளையும் ஒரே கூண்டில் வளர்த்தார்கள். எலிகள் ஒன்றன் கழிவை ஒன்று தின்னும் வழக்கமுடையவை. அவ்வழியாக மெலிந்த எலியின் நுண்ணுயிர்கள் பருக்கவேண்டிய எலிக்குள் குடியேறி, அதைப் பருக்கவொட்டாமல் காத்தன. மறுபுறமாக எதுவும் குடியேறவில்லை. மெலிந்தது மெலிந்தபடியே இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: கொழுப்புக் குறைந்து நார்ப்பொருள் மிகுந்த தீனி கொடுத்தபோதுதான் இந்தக் காப்பு நிகழ்ந்தது. கொழுப்பு மிகுந்து காய்கனி குறைந்த தீனியைக் கொடுத்தால், நல்ல கூட்டாளியோடு எத்தனை நாள் கூடியிருந்தும் பயனில்லை. இந்த நிபந்தனையை வாசகர்கள் மறவாதிருக்கவேண்டும். பின்னால் நம் விசாரணை முழுவதும் இதன்மேல்தான் நிற்கப்போகிறது.

பருத்த உடலைப் பழிக்கிற வழக்கம் மனித நாகரிகத்தின் பழைய வழக்கங்களில் ஒன்று. நம் நாட்டுச் சரக சம்ஹிதை, நிந்தைக்குரிய தேகங்கள் என்று எட்டு வகையைக் கூறி, அவற்றுள் மிகப் பருத்ததையும் மிக மெலிந்ததையும் முதன்மையாக விவரிக்கிறது. எகிப்து தேசத்துப் பாலைவனத்தில் நான்காம் நூற்றாண்டில் தவம் செய்த எவாக்ரியஸ் என்ற கிறிஸ்தவத் துறவி, மனத்தைக் கெடுக்கும் எட்டுத் தீய நினைவுகளை எண்ணத் தொடங்கும்போது முதலாவதாகப் பெருந்தீனியைத்தான் வைத்தார். அந்த எட்டே பிற்காலத்தில் போப் கிரெகோரியின் கையில் ஏழு பெரும் பாவங்களாக உருமாறிற்று. ஆனால் சரகருக்கும் எவாக்ரியஸுக்குமிடையே உள்ள ஒரு வேற்றுமையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். எவாக்ரியஸ் பேசியது தன்னைத் தானே காவல்காக்கிற துறவியிடம். பிறருடைய வயிற்றைப் பார்த்துச் சொல்ல அவர் யாருக்கும் ஒரு சொல்லும் கொடுக்கவில்லை. சரகரோ நிந்தை என்ற உலகவழக்கை ஏற்றுக்கொண்டே தொடங்கினாலும், உடனே வைத்தியருக்குரிய விவேகத்தோடு காரணங்களை அடுக்குகிறார்: மிகுந்த உணவு, உழைப்பின்மை, பகலுறக்கம், கவலையற்ற மனம் ஆகியவற்றோடு, பெற்றோரிடமிருந்து வந்த வித்தின் சுபாவத்தையும் சேர்த்துச் சொல்கிறார். அதோடு நிற்கவில்லை. கொழுப்பு உடலின் வழிகளை அடைத்துக்கொள்வதால் வாயு வயிற்றிலேயே சுழன்று அக்கினியை மூட்டுகிறதென்றும், அதனால் பருத்தவனுக்குப் பசி மேலும் பெருகுகிறதென்றும் கூறுகிறார். அதாவது, மிகுந்து உண்டதால் பருத்தான் என்பதோடு, பருத்ததால் மிகுந்து உண்கிறான் என்பதையும் அவர் கண்டிருந்தார். அவருடைய வாயுவையும் அக்கினியையும் இன்று நாம் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. காரணமும் காரியமும் வட்டமாகச் சுற்றுகிற ஒரு நோயில் முதல் குற்றவாளியைத் தேடிப் பிடிப்பது வீண் என்று அவர் உணர்ந்திருந்ததைத்தான் ஏற்கவேண்டும்.

மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண் வருகிறாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே ஒரு கனியை உண்டு தவம் செய்யும் விருச்சிக முனிவன் வைத்திருந்த நாவற்கனியை அவள் காலால் மிதித்துச் சிதைத்துவிட, அவனுடைய சாபத்தினால் யானைத்தீ என்னும் தணியாப் பசி அவளைப் பற்றிக்கொள்கிறது. எவ்வளவு உண்டாலும் அடங்காமல் அவள் புகார் நகரத் தெருக்களில் அலைகிறாள். அவளுடைய செருக்கையும் முன்வினையையும் சாத்தனார் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குற்றம் உணவைப் பற்றியதன்று. அவள் பெருந்தீனிக்காரி என்று யாரும் சொல்ல முடியாது. வெளியிலிருந்து வந்து அவள் வயிற்றில் குடிகொண்ட பசி அது. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறிட்டதும் அது தீர்ந்தொழிகிறது. பௌத்தராகிய சாத்தனார் பசியை ஒரு பிணியாகவே கண்டார் என்பதும், பசித்தவளின் பூர்வ கதையைக் கேட்டு யோக்கியதையை நிறுத்துப் பார்த்த பின் சோறிடும்படி தம் கதாநாயகியை அமைக்கவில்லை என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை.

இனி, வினாவின் வேருக்கு வருவோம். சாந்தோக்கிய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்லுகிற பாடத்தில், உண்ட அன்னம் மூன்றாகப் பிரிகிறது: அதன் ஸ்தூலமான பகுதி மலமாகிறது, நடுத்தரமான பகுதி மாம்சமாகிறது, சூட்சுமமான பகுதி மனமாகிறது. அதை வெறும் வார்த்தையால் நிறுவாமல் ஒரு பரிசோதனையாலும் அவர் நிறுவிக் காட்டுகிறார். பதினைந்து நாள் நீர் மட்டும் பருகிக் கிடந்த மகனுக்கு ஓதிய வேதம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, உணவு கொண்ட பின் எல்லாம் வந்தது. மனம் அன்னத்தினால் ஆனது என்ற கொள்கைக்கு இதைக் காட்டிலும் எளிய நிரூபணம் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பாடத்தில் ஸ்தூல பகுதியைப் பற்றிய பேச்சு மலமாகிறது என்பதோடு முடிந்துவிடுகிறது; கழிந்ததைப் பற்றி மேலும் விசாரிக்கத் தந்தைக்கும் மகனுக்கும் காரணம் ஏதுமிருக்கவில்லை. இன்றைய விஞ்ஞானி விசாரிப்பது அந்த இடத்தைத்தான். ஈரத்தை நீக்கிய மலத்தின் எடையில் கால் பங்குக்கு மேலாகவே பாக்டீரியாக்கள் இருக்கின்றன. உண்ணும் அன்னத்துக்கும் உருவாகும் மாம்சத்துக்கும் நடுவே நின்று, நம்மால் செரிக்க முடியாத நாரை உடைத்து, அதிலிருந்து நம் உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய அமிலங்களைச் செய்து, எவ்வளவு சக்தி நமக்குச் சேரும் என்பதில் ஒரு பங்கை அவை தீர்மானிக்கின்றன. அன்னமய கோசம் என்று நம் முன்னோர் சொன்ன இந்த வெளி உறையை நெய்கிறவர்களில் நாம் மட்டும் இல்லை.

இஸ்ரேலில் உள்ள வைஸ்மன் விஞ்ஞானக் கழகத்தார் 2016-இல் செய்த கணக்கின்படி, சராசரி மனித உடலில் மனித உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடி. பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. அவ்வளவு பாக்டீரியாக்களும் சேர்ந்து 200 கிராம் எடைதான். எண்ணிக்கையில் நாம் நம் உடலிலேயே சிறுபான்மையோர் என்று இதை வைத்து வியப்புக் காட்டுகிறவர்கள் உண்டு. எண்ணிக்கையால் ஆத்ம விசாரம் முடிவதில்லையாதலால் நான் அதற்கு அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. ஆனால் உடல் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்ற எண்ணம் நுண்நோக்கியின் குழந்தை என்று நினைப்பதும் பிழை. ஐந்தாம் நூற்றாண்டில், காஞ்சிபுரத்தில் சில காலம் தங்கியிருந்ததாகத் தாமே குறிப்பிடுகிற ஆசாரியர் புத்தகோஷர், அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்துகொண்டு விசுத்திமார்க்கம் என்ற பெருநூலை எழுதினார். அதில் மரணத்தைத் தியானிக்க வேண்டிய எட்டு வகைகளில் ஒன்றாக, இந்த உடல் பலருக்குப் பொதுவானது என்று நினைக்கும்படி துறவிக்கு அவர் விதிக்கிறார். எண்பது குலத்துப் புழுக்கள் இதைப் பகிர்ந்து வாழ்கின்றன. தோலைப் பற்றியவை தோலைத் தின்கின்றன, மாம்சத்தைப் பற்றியவை மாம்சத்தையும், எலும்பைப் பற்றியவை எலும்பையும் தின்கின்றன. அங்கேயே பிறந்து, மூத்து, மாண்டு, கழிவையும் அங்கேயே கழிக்கின்றன. இந்த உடலே அவற்றுக்குப் பிரசவ விடுதி, வைத்தியசாலை, மயானம், கழிப்பிடம் எல்லாம். அவை சினந்தால் உடலுக்குரியவன் என்று எண்ணிக்கொண்டிருப்பவனும் மாளவேண்டியதுதான். கண்ணால் காணாத குலங்களை எண்ணிக் கணக்கிட்டது விஞ்ஞானமன்று, கற்பனையே. ஆயினும் அந்தக் கற்பனை எந்தத் திசையை நோக்கிச் செல்லுகிறதென்று பார்க்கவேண்டும். தன் உடலில் பலர் இருக்கிறார்கள் என்று அறிகிற துறவி, ஆகவே என் செயலுக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிக்கொள்ள வேண்டுமென்பது புத்தகோஷரின் நோக்கமன்று. எனது என்று பற்றிக்கொண்டிருக்கிற இந்தப் பொருள் எந்த நேரமும் கைநழுவக்கூடியதாதலால், இருக்கிற நேரத்தில் விழிப்போடு முயலவேண்டும் என்பதே நோக்கம். பலர் குடியிருக்கும் வீடு என்ற அறிவிலிருந்து சோம்பலுக்கும் போகலாம், அவசரத்துக்கும் போகலாம். அவர் அவசரத்துக்குப் போனார். ஜைனரும், கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற ஜீவன்கள் ஒரே உடலைப் பொதுவாகக் கொண்டு சேர்ந்தே உண்டு சேர்ந்தே மூச்சுவிடுகின்றன என்று நிகோதம் என்ற பெயரால் ஒரு கொள்கை வகுத்திருந்தார்கள். அதிலிருந்து அவர்கள் பெற்றதும் கூடுதலான கவனம்தான்.

ஆனால் நம் காலத்தவர் பலர் எலிக் கூண்டுச் செய்தியைக் கேட்டதும் எதிர்த்திசையில் ஓடினார்கள். பருமனுக்குக் காரணம் கிருமியாயின், கிருமியை மாற்றினால் பருமன் தீரும். தவமும் வேண்டாம், பத்தியமும் வேண்டாம் என்ற ஆசை பத்திரிகைகளில் எழுந்தது. மனிதரிடம் செய்த சோதனைகள் அந்த ஆசையைச் சற்றும் தயவின்றி நடத்தின. ஆம்ஸ்டர்டாமில் வளர்சிதை மாற்றக் கோளாறுடைய 18 ஆண்களைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு மெலிந்தவர்களின் மலக் கரைசலையும் மீதிப் பேருக்கு அவரவர் மலத்தின் கரைசலையுமே செலுத்திய சோதனை 2012-இல் வெளியாயிற்று. ஆறு வாரத்தில் முதல் வகுப்பாருக்கு இன்சுலினின் வேலை தெளிவாகச் சீர்ப்பட்டது, ஆனால் எடை குறையவில்லை. அதே குழுவினர் 38 ஆண்களிடம் மறுபடியும் செய்து 2017-இல் வெளியிட்டபோது, ஆறாவது வாரத்தில் கண்ட நன்மை பதினெட்டாவது வாரத்தில் மறைந்துவிட்டிருந்தது. யாருக்குப் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்பதும் பெறுகிறவருடைய குடலில் முன்பே யார் குடியிருந்தார்கள் என்பதைப் பொறுத்திருந்தது. பாஸ்டன் நகரத்தில் 24 பேருக்கு வாரந்தோறும் கேப்ஸ்யூல் கொடுத்துப் பார்த்தார்கள்; எடையில் மாற்றமில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில் 14 முதல் 18 வயது வரையுள்ள 87 பருத்த இளைஞர்களும் யுவதிகளும் கலந்துகொண்ட சோதனையிலும், வயிற்றுப்புறக் கொழுப்பின் விகிதத்தில் சிறிது நன்மை தென்பட்டதே தவிர எடை இறங்கவில்லை. எலிக்குப் பலித்தது மனிதனுக்கு ஏன் பலிக்கவில்லை? கிருமியற்ற எலியின் குடல் வெறும் நிலம். வளர்ந்த மனிதனின் குடலோ பல்லாண்டுக் குடியேற்றம் நிறைந்தது. உழாமலும் நீர் பாய்ச்சாமலும் கோரை மண்டிய வயலில் நல்ல நாற்றைக் கொண்டுவந்து நட்டால் என்ன ஆகுமோ, அதுதான் ஆயிற்று.

இந்தச் சோதனைகளின் நடுவே என்னை மிகவும் சிந்திக்கவைத்தது இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்டது. அவர்கள் பிறருடைய நுண்ணுயிரைத் தேடிப் போகவில்லை. ஆறு மாதம் உணவுக் கட்டுப்பாட்டினால் எடை குறைத்தவர்களிடம், அந்த மெலிந்த நிலையில் அவரவர் குடலில் இருந்ததையே வாங்கி உறையவைத்து, பின்னர் கட்டுப்பாடு தளர்ந்து எடை திரும்பும் மாதங்களில் அவரவருக்கே கேப்ஸ்யூலாகத் திருப்பிக் கொடுத்தார்கள். பசுந்தாவர உணவை மிகுதியாக உண்டு இளைத்த வகுப்பாருக்கு மட்டும் அது பயன் தந்தது. இழந்த எடை திரும்பி ஏறுவது அவர்களிடம் கணிசமாகக் குறைந்தது. மற்ற உணவு முறைகளால் இளைத்தவர்களுக்கு அவர்களுடைய பழைய நுண்ணுயிர் உதவவில்லை. தான் செய்த பிரயாசையின் பலன் தன்னைவிட்டு நீங்கிக்கொண்டிருக்கும் வேளையில், முன்பு தானே ஈட்டிய நல்லதைத் தனக்கே திருப்பி ஊட்டிக்கொள்வது என்ற இந்த ஏற்பாட்டைக் கேட்டால், கன்மக் கொள்கையில் ஊறியவர்கள் அதிகம் ஆச்சரியப்படமாட்டார்கள். பிறருடைய புண்ணியத்தை இரவலாக வாங்கியவர்களுக்கு அது பதினெட்டு வாரம் தங்கவில்லை. தான் உண்டு, தான் அடக்கி, தான் சேர்த்தது ஓரளவு தங்கிற்று. இதைச் சமயத்துக்கு விஞ்ஞானம் கொடுத்த சான்றிதழாகக் கொண்டாடுவது அறிவீனம். ஒரே ஒரு சோதனை, சில மாதங்கள், தொண்ணூறு பேர். ஆனால் நுண்ணுயிர் என்ற நடுவரைக் கண்டுபிடித்ததனால் மனிதனுடைய முயற்சிக்கு இடமில்லாமல் போய்விட்டதென்ற பேச்சுக்கு அது நல்ல மறுப்பு.

என் அபிப்பிராயம் இதுதான். பருமனைப் பற்றிய பழிச்சொல் இரண்டு திசைகளில் சொல்லப்படுகிறது. ஒன்று பிறனை நோக்கி, மற்றொன்று தன்னை நோக்கி. பிறனுடைய உடலைப் பார்க்கிறவனுக்குத் தெரிவது முடிவு மட்டுமே. அவன் பெற்றோரிடமிருந்து பெற்ற வித்து எது, தாய்ப்பாலோடு வந்த நுண்ணுயிர்கள் எவை, குழந்தைப் பருவத்து ஜுரங்களுக்கு விழுங்கிய மருந்துகள் அவற்றில் எவற்றை அழித்தன, அவன் கூலிக்கு வாங்க முடிந்த உணவு எது, அவன் குடலில் இன்று யார் யார் இருக்கிறார்கள் என்பவற்றில் ஒன்றையும் அவன் அறியான். அறியாதவன் நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்து, நாவடக்கமில்லாதவன் என்று தீர்ப்பளிப்பதற்கு இந்த ஆராய்ச்சிகளுக்குப் பிறகு எந்த யோக்கியதையும் இல்லை. பந்தியில் அமர்ந்திருக்கிற பருத்த பெண்ணின் இலையை எட்டிப் பார்த்துப் புன்னகைக்கிற உறவினருக்கும், வேறு எந்த வியாதியைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் முதலில் எடையைக் குறைத்துக்கொண்டு வா என்று அனுப்பிவிடுகிற வைத்தியருக்கும் இது சேர்த்தே பொருந்தும். ஆனால் அதே சொல்லைத் தன்னை நோக்கி ஒருவன் சொல்லிக்கொள்ளும்போது நிலைமை வேறு. அத்தனை காரணங்களுள்ளும் ஒன்று அவன் கையில் இருக்கிறது: நாளைக்கு இந்தக் குடியிருப்போருக்கு எதைப் போடப்போகிறான் என்பது. கூண்டில் எலிக்கு நல்ல நட்பும் பயன்படாமற்போனது தீனி கெட்டபோதுதான் என்பதை மேலே கண்டோம். பாலைவனத்துத் துறவி தனக்குள் பேசிக்கொண்டதை நாம் அயலானின் வயிற்றைச் சுட்டிப் பேசத் தொடங்கியதில்தான் சமயங்கள் வழுக்கின. முழுக் காரணமும் நான் என்று எண்ணுவது ஆணவம். காரணத்தில் எனக்குப் பங்கே இல்லை என்பது பொய்.

ஆசாரத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. உணவைக் கொடுப்பவனுடைய குணம் உணவோடு உண்பவனுக்குள் புகும் என்று அன்னதோஷத்துக்கு அஞ்சிய சமூகம் நம்முடையது. யார் கையால் வாங்கலாம், யார் கையால் வாங்கலாகாது என்ற விதிகளை அதன்மேல் கட்டி, எத்தனையோ கோடிப் பேரைப் பந்திக்கு வெளியே நிறுத்தியது. இப்போது ஒருவருடைய உடற்சுபாவம் இன்னொருவருக்குள் புக முடியும் என்ற செய்தி வந்ததும், பார்த்தீர்களா, அன்றே சொன்னார்கள் என்று கிளம்புகிறவர்கள் கூண்டில் நடந்ததைச் சரியாகப் படிக்கவேண்டும். தீட்டுக் கொள்கையின் அடிப்படை, கெட்டது நல்லதன்மேல் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம். அங்கே நடந்ததோ, மெலிந்ததன் நுண்ணுயிர்கள் பருத்ததற்குள் சென்று அதைக் காத்தன, பருத்ததனால் மெலிந்ததற்கு ஒரு கேடும் வரவில்லை. விலகி நின்றிருந்தால் காப்பாற்றப்பட்டிருக்கவேண்டியது காப்பாற்றப்பட்டிராது. மேலும், பசுவின் சாணத்தையும் கோமியத்தையும் பஞ்சகவ்வியமாகப் பருகத் தயங்காத ஆசாரம், மனிதக் கழிவை அள்ளியவர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தீண்டாதாரென்று ஒதுக்கி வைத்தது. கையால் மலம் அள்ளும் வேலையில் மனிதரை அமர்த்தக்கூடாதென்று இந்திய அரசாங்கம் 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் மற்றொரு சட்டமும் இயற்றவேண்டியிருந்தது. இன்று அதே பொருளைக் கொடுக்க முன்வருகிறவர்களில் நூற்றுக்குச் சிலரையே சிகிச்சைக்காக மலம் சேகரிக்கும் வங்கிகள் தேர்ந்தெடுக்கின்றன. அந்தத் தேர்வு பிறப்பைக் கேட்பதில்லை. இரத்தத்தையும் மலத்தையும் சோதனைச்சாலையில் சோதிக்கிறது. அதிலும் தவறு நேர்ந்தது உண்டு: மருந்துக்கு அடங்காத ஒரு பாக்டீரியா உள்ளே போய்விட்டதனால் ஒரு நோயாளி இறந்தாரென்று 2019-இல் அமெரிக்க அரசாங்கம் எச்சரிக்கை விட்டது. சுத்தம், அசுத்தம் என்ற பேதம் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. அது குலத்தில் இல்லை, குப்பியில் இருக்கிறது, பார்த்துத்தான் அறியவேண்டும்.

கடைசியாக, உபவாசம். ஏகாதசியன்று பட்டினி கிடக்கிறவர் தனியாகப் பட்டினி கிடப்பதில்லை என்பது இப்போது தெரிகிறது. எலிகளுக்கு நார்ப்பொருளே இல்லாத தீனியை இட்டுப் பார்த்தபோது, குடலில் இருந்த பாக்டீரியாக்கள் வேறு வழியின்றிக் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின என்று 2016-இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஒரு நாள் விரதத்தினால் அத்தகைய கேடு வந்துவிடும் என்று இதிலிருந்து அனுமானிப்பதற்கில்லை. நாள்தோறும் வெள்ளை மாவையும் எண்ணெய்ப் பண்டத்தையும் வயிறு நிறையத் தின்கிறவருடைய குடலில்தான், உண்டுகொண்டே ஒரு பட்டினி நடந்துகொண்டிருக்கிறது. ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் இலையில் இருக்கவேண்டுமென்று நம் வீடுகளில் ஒரு நியமம் உண்டு. நுண்ணுயிரின் தேவையை அறிந்தே பெரியோர் அதை ஏற்படுத்தினார்கள் என்று பெருமை பேசுவது எனக்கு உடன்பாடன்று. அவர்கள் வேறு காரணங்களுக்காக ஏற்படுத்தியிருக்கலாம், அல்லது அந்தப் பருவத்தில் கொல்லையில் கிடைத்ததை இட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கீரையில் நமக்குச் செரிக்காத பங்கு யாருக்குப் போகிறதென்று கேட்டால் இன்று பதில் சொல்ல முடிகிறது. பெருமாள் கோயிலில் துளசித் தீர்த்தம் வாங்கிவிட்டு வந்து அந்தக் கீரையை உண்ணுகிற வைணவர், அந்தப் பங்கையும் நிவேதனத்தின் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று தம் ஆசாரியரிடம் கேட்டால், அவர் என்ன சொல்வார் என்பதை அறிய எனக்கு ஆவலாக இருக்கிறது.